வெறும் கொழுப்புக் கட்டி

பூனையின் வயிற்றில் கட்டம் போட்டிருந்தது.

குறுக்கே நான்கு கோடு, நெடுக்கே நான்கு கோடு. காது குடையும் பஞ்சுக்குச்சியை அயோடினில் தோய்த்து, முடியை ஒட்ட வெட்டிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை கணக்கு நோட்டில் போடுவதுபோல நிதானமாகப் போட்ட கட்டம். வீக்கமோ, சுளுக்கோ, விடாத இருமலோ, ஊசி குத்திய இடம் கன்றிப் போனதோ, காரகோல் ஊரில் எதற்கும் முதல் வைத்தியம் இந்த அயோடின் கட்டம்தான். மருந்துக் கடையில் பத்து வருடமாக நிற்கும் சல்கினாய் தன் கையாலேயே எத்தனையோ அயோடின் புட்டிகளை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இதே போன்ற ஒரு கட்டத்தைப் போன வருடம் குளியலறையில் பார்த்தவள் அவள். அம்மா ஷாயிர்குல்லின் இடது மார்பில்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இந்தக் குடும்பத்தோடு வாரா வாரம் வந்துகொண்டிருப்பவர்களுக்குத் தெரியும். இன்றுதான் உள்ளே நுழைகிறவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான்கு மாதம் யாருக்கும் சொல்லாமல் அயோடினையே பூசிக்கொண்டிருந்த அம்மாவை இழுத்துக்கொண்டு போய் அறுவை செய்தார்கள். அதற்கு முன்பே டாக்டர் விஷயத்தைப் பிள்ளைகளிடம் சொன்னார், அம்மாவிடம் சொல்லவில்லை. அங்கே அதுதான் வழக்கம். நோயாளிக்கு நோயின் பெயர் தெரியக் கூடாது. பெயரைப் பிள்ளைகளும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ‘கெட்ட நோய்’ என்பதோடு சரி. அம்மாவிடம் ‘வெறும் கொழுப்புக் கட்டி’ என்றார்கள். பிறகு தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரையை சல்கினாய் வைட்டமின் புட்டியில் கொட்டிக் கொடுத்தாள். மருந்துக் கடைக்காரிக்கு இது பெரிய வேலையா?

போன மாதம் தலைநகர் பிஷ்கெக்கில் பெரிய டாக்டர் மறுபடி பார்த்தார். “கீழ போய் சூடா சம்சா வாங்கிட்டு வாங்கம்மா” என்று அம்மாவை அனுப்பிவிட்டு, அண்ணன் மெலிஸையும் சல்கினாயையும் நடைவழியில் நிறுத்தி, எலும்புக்குப் போய்விட்டது என்றார். ஆப்பிள் பறிக்கும் காலம்வரை இருப்பார்கள், அதைத் தாண்டுவது கஷ்டம் என்றார். அம்மா மூன்று சம்சாவோடு மேலே வந்தாள். மூவரும் ஆறிப்போகுமுன் சாப்பிட்டார்கள்.

இப்போது பூனை.

பூனையின் பெயர் கெலின். மருமகள் என்று அர்த்தம். ஏழு வருடத்துக்கு முன்பு மெலிஸின் மனைவி கோபித்துக்கொண்டு பிஷ்கெக்கில் தாய் வீட்டுக்குப் போன அதே வாரத்தில் வேலியைத் தாண்டி உள்ளே வந்தது. “போன மருமகளும் தேநீர் ஊத்தல, வந்த மருமகளும் ஊத்த மாட்டா. இவ வாயாவது பேசாம இருக்கா” என்று அம்மா அன்றே பெயர் வைத்துவிட்டாள்.

“நீங்களே போட்டீங்களாம்மா இந்தக் கட்டத்த?” என்றாள் சல்கினாய். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

“பின்ன, பூனையேவா போட்டுக்கும்?” அம்மா அடுப்பங்கரையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். “காலைல தடவிக் கொடுத்துட்டிருந்தேன். கைல தட்டுப்பட்டுச்சு. கொண்டைக்கடலை அளவு இருக்கும். நேத்து இல்ல. இல்ல, இருந்து எனக்குத்தான் தெரியலையோ என்னவோ.”

சல்கினாய் குனிந்து விரலை வைத்தாள். இடது பக்கம், முன்னங்காலுக்குக் கொஞ்சம் கீழே, காம்பை ஒட்டி. தோலுக்கு அடியில் கெட்டியாக, நகராமல் ஏதோ இருந்தது. கெலின் அவள் கையை நக்கிவிட்டு, அயோடினையும் நக்கப் போனது. அவள் அதன் தலையைப் பிடித்துத் திருப்பினாள்.

“இடது பக்கம் பாத்தியா?” என்றாள் அம்மா.

“ம்.”

“எனக்கு இருந்த அதே இடம். குளிர்காலம் பூரா இங்கயேதான படுத்துக் கிடந்தா.” மாவுக் கையால் தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள். அங்கே சட்டையில் வெள்ளையாகக் கைத்தடம் விழுந்தது. “என்னுதை எடுத்துக்கிட்டா. அய்லனாயின், என் தங்கமே.”

அய்லனாயின் என்பது அந்த ஊரில் பிள்ளையைக் கொஞ்சும்போது வாயில் தானாக வரும் சொல். உன்னைச் சுற்றி வருகிறேன், உன் நோய்நொடி எல்லாம் என்னிடம் வரட்டும் என்பது பொருள். தினம் நூறு தடவை சொல்வார்கள், யாரும் பொருளை நினைப்பதில்லை. ஷாயிர்குல் மட்டும் இன்று நினைத்துத்தான் சொன்னாள். தான் வாயால் மட்டும் சொல்வதைப் பூனை செய்து காட்டிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

“டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடு” என்றாள். “என்னன்னு கேட்டுட்டு வா. இவளுக்கு என்னவோ, அதுதான எனக்கும் இருந்திருக்கும்?”

சல்கினாய் உடனே எழுந்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு, கட்டம் போட்ட பெரிய சந்தைப் பையில் பூனையை வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய ஜிப்பை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

* * *

ஞாயிறு என்றால் காரகோலில் ஆட்டுச் சந்தை. மாட்டு டாக்டரின் இடம் சந்தைக்குப் பின்னாலேயே இருந்தது. மார்ச் மாதத்து உருகிய பனி முழங்கால் பூட்ஸில் ஏறும் அளவுக்குச் சேறாகிக் கிடந்தது. வாசலில் நாலு ஆடு, கால் நொண்டும் ஒரு குதிரை, அவற்றின் சொந்தக்காரர்கள். நடுவில் பையோடு சல்கினாய்.

“பையில என்ன, செம்மறிக் குட்டியா?” என்றார் வெள்ளைத் தொப்பி வைத்த ஒருவர்.

“பூனை.”

“பூனையா?” அவர் குதிரைக்காரரைப் பார்த்தார். “எங்க வீட்டுப் பூனைக்கு உடம்பு சரியில்லேன்னா அது தானா எங்கயோ போயிடும். மறுநாள் வேற ஒண்ணு வந்து அதே மூலைல உக்காந்துக்கும். எது போச்சு, எது வந்துச்சுன்னே தெரியாது.”

“உங்க வீட்டம்மாவும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருப்பாங்க உங்களை” என்றார் குதிரைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். சல்கினாயும் சிரித்துவைத்தாள். வரிசையில் அவளை முன்னால் விட்டார்கள், பேச்சுதான் அப்படி.

மாட்டு டாக்டர் தமாராவை ஊரே எஜே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். ஐம்பத்தைந்து வயது, முழங்கைவரை ரப்பர் உறை, அப்போதுதான் ஒரு ஆட்டின் வயிற்றிலிருந்து குறுக்கே மாட்டிய குட்டியை இழுத்துப் போட்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டே பையைப் பார்த்தாள்.

“மருந்துக் கடைப் பொண்ணு தான நீ? மேசை மேல வை.”

கெலினைப் புரட்டிப் போட்டதும் அவள் முகம் சுருங்கியது. “யார் போட்ட படம் இது?”

“அம்மா.”

“பூனைக்கு அயோடின் விஷம்மா. நக்கி உள்ள போச்சுன்னா தனி வைத்தியம் பாக்கணும். முதல்ல இத வெதுவெதுப்பான தண்ணியில தொடைச்சு எடுக்கணும்.” துடைத்துக்கொண்டே பேசினாள். “வீட்டுக்குப் போய் உப்பு ஒத்தடம், முட்டைக்கோஸ் எலைன்னு ஆரம்பிச்சுடாதீங்க. அழுத்தாதீங்க, பிதுக்காதீங்க. எத்தனை நாளா இருக்கு?”

“இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

தமாரா எஜே கண்ணை மூடிக்கொண்டு விரலால் பார்த்தாள். கட்டியைப் பார்த்தாள். பிறகு வரிசையாக ஒவ்வொரு காம்பாக இடது பக்கம் முழுவதும், அப்புறம் வலது பக்கம், அக்குள், தொடை இடுக்கு. மேசைக்குக் கீழே ஈரமான ஆட்டுக்குட்டி ஒன்று எழுந்து நிற்கப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது.

“இங்க இன்னொண்ணு வந்துக்கிட்டிருக்கு. அரிசி அளவு. அக்குள்ல எதுவும் இல்ல, அது நல்ல சேதி.” கண்ணைத் திறந்தாள். “நாய்க்கு இந்த இடத்துல கட்டி வந்தா பாதிக்குப் பாதி. பூனைக்கு அப்படியில்ல. பத்துக்கு எட்டு, ஒன்பது கெட்டதுதான். நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன்.”

“ம்.”

“கத்தாம இருக்க சொட்டு மருந்து கொடுத்தீங்களா?”

கெலின் வீட்டுக்கு வந்த முதல் பிப்ரவரியில் இரவும் பகலும் உருண்டு புரண்டு கத்தியது. அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு சின்னப் புட்டி. சாசேஜ் துண்டில் நாலு சொட்டு. கத்தல் நின்றுவிடும், குட்டிகளும் வராது. ஊரில் பூனை வைத்திருக்கும் எல்லோரும் செய்வது. வாங்கி வந்தவள் சல்கினாய். ஊற்றியவளும் அவள்தான்.

“ஆறு வருஷம்” என்றாள்.

“அது என்ன மருந்துன்னு உனக்குத் தெரியாதா? வெள்ளைக் கோட்டு போட்டு நிக்கிறவதான நீ?”

தெரியும். புட்டியின் மேல் பொடி எழுத்தில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவள். ஹார்மோன். அம்மாவுக்கு வைட்டமின் புட்டியில் போட்டுக் கொடுக்கும் மாத்திரை எதைத் தடுக்கிறதோ, அதன் அக்கா தங்கையைத்தான் பூனைக்கு ஆறு வருடம் சாசேஜில் வைத்துக் கொடுத்திருக்கிறாள். பூனைதானே என்று பொடி எழுத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டதற்கு யாரைக் குறை சொல்வது?

தமாரா எஜே மேலே திட்டவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள்.

“கேளு. இப்ப சின்னதா இருக்கு. பெரியாஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கிற ஜக்கிப் என் மாமா பையன்தான், சாயங்காலமா கூட்டம் குறைஞ்சதும் கூட்டிட்டுப் போ, நெஞ்சை ஒரு படம் எடுத்துடுவான். நுரையீரல்ல எதுவும் இல்லேன்னா, புதன்கிழமை கொண்டா. இடது பக்கம் முழுசா எடுத்துடறேன், கர்ப்பப்பையும் சேத்து. வெறும் கடலையை மட்டும் தோண்டி எடுக்கறது வேலைக்கு ஆகாது, திரும்ப வரும். எடுத்ததை பிஷ்கெக்குக்கு அனுப்பிப் பாத்துக்கலாம். இந்த அளவுல எடுத்த பூனைங்க ரெண்டு வருஷம், மூணு வருஷம், அதுக்கு மேலயும் இருந்திருக்கு.”

“எடுக்காம விட்டா?”

“வளரும். வெடிக்கும். நாறும். அடுத்த குளிர்காலம் பாக்காது. அந்தக் கட்டத்துக்கு வந்துட்டா அப்ப என்கிட்ட கொண்டு வா, வலி தெரியாம தூங்க வச்சுடறேன்.” ரப்பர் உறையை மறுபடி மாட்டிக்கொண்டாள். “ஒரு வாரம் பொறுத்துப் பாக்கலாம், ஒரு மாசம் பொறுத்துப் பாக்கலாம்னு மட்டும் இருக்காத. பூனைக்குப் பொறுக்க நேரம் கிடையாது. அடுத்து யாருப்பா, குதிரையா?”

* * *

மெலிஸின் போன் சந்தை வாசலிலேயே வந்தது. அவன் பிஷ்கெக்குக்கும் காரகோலுக்கும் நடுவில் வேன் ஓட்டுகிறவன். நடுவழியில் பாலிக்ச்சியில் பயணிகளைச் சாப்பிட இறக்கிவிட்டு, வறுத்த மீன் கடை வாசலில் நின்று பேசினான்.

“அம்மா போன் பண்ணாங்க. பூனை என் நோயை வாங்கிக்கிச்சுன்னு ஒரே பெருமை. டாக்டர் என்ன சொன்னாங்க?”

அவள் சொன்னாள். யாரோ ரொட்டி கேட்கும் சத்தம் கேட்டது.

“இதை அம்மாகிட்ட சொல்லவே கூடாது” என்றான். “புரியுதா? பூனைக்கு வந்தது கெட்டதுன்னு தெரிஞ்சா, அது என்கிட்டேருந்து எடுத்ததுதானேம்பாங்க. அப்ப எனக்கு வந்தது என்னன்னு கேப்பாங்க. ரெண்டும் ரெண்டும் நாலுன்னு போடத் தெரியாதவங்களா அவங்க? முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார்.”

“புதன்கிழமை எடுத்துடலாம்னு சொல்றாங்கண்ணே. எடுத்தா பிழைக்கும்.”

“ஆபரேஷனா? இடது பக்கம் பூரா? தையலோட பூனை வீட்டுக்கு வந்து அம்மா மடியில படுக்கும், அம்மா தன் தையலைத் தொட்டுப் பாப்பாங்க. நல்லா இருக்கு உன் யோசனை.”

“அப்ப என்ன பண்ணச் சொல்ற?”

“வெறும் கொழுப்புக் கட்டின்னு சொல்லு. விட்டுடு. பெருசானா தமாரா எஜேகிட்ட கொடுத்துட்டு, ஓடிப் போச்சுன்னு சொல்லிக்கலாம். பூனைதான, ஓடும்.”

சல்கினாய் பைக்குள்ளே பார்த்தாள். கெலின் சந்தைச் சத்தத்துக்கு மிரண்டு, கண்ணை அகல விழித்துக்கொண்டு இருந்தது. குளிரில் அதன் மூச்சு மெல்லிசாகப் புகைந்தது.

“அண்ணே, இதுக்கு உயிர் இருக்கு.”

“அம்மாவுக்கும் இருக்குல்ல? அப்பாவை மறந்துட்டியா? அந்தப் புது டாக்டர் பொடியன் மூஞ்சிக்கு நேரா சொன்னான். அப்பா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தாரு. ஒன்பது நாள். நல்லா நடந்துக்கிட்டிருந்த மனுஷன், ஒன்பதே நாள். நான் பக்கத்துல உக்காந்து எண்ணினவன்டி. ஒரு பூனைக்காக அம்மாவுக்கும் அதைச் செய்யணுமா? நீயே சொல்லு.”

அண்ணன் கெட்டவன் அல்ல. பயந்தவன். அந்த ஒன்பது நாளிலிருந்து இன்னும் வெளியே வராதவன்.

“சரி” என்றாள். “கொழுப்புக் கட்டின்னே சொல்றேன். ஆனா புதன்கிழமை எடுத்துடறேன். சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்குன்னு சொல்லிக்கறேன்.”

“அவங்க முகத்தைப் பாத்து சொல்லு. தரையைப் பாத்து சொன்னா கண்டுபிடிச்சுடுவாங்க.”

நடக்கிற வழி முழுவதும் அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வெறும் கொழுப்புக் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை. போன வருடம் இதே வாக்கியத்தை அவள் ஒத்திகை பார்த்தது ஆஸ்பத்திரிக் கழிவறையில். இந்த முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை. பொய்யும் பழகினால் கைவந்துவிடுகிறது என்று அவள்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

* * *

வீட்டில் எண்ணெய் வாசனை. அம்மா போர்சோக் பொரித்து முடித்திருந்தாள். பொன்னிறத்தில் உப்பிய சின்ன சின்ன மாவுத் துண்டுகள் மேசைத் துணி முழுக்கக் கொட்டிக் கிடந்தன. நடுவில் தேநீர்க் கெண்டி, போன வருடத்து ஆப்ரிகாட் ஜாம், இரண்டு கிண்ணம்.

கெலின் பையிலிருந்து குதித்து நேராகப் போய் அம்மா மடியில் ஏறியது.

“என்ன சொன்னாங்க?”

“வெறும் கொழுப்புக் கட்டிதானாம்மா.” அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். “பயப்பட ஒண்ணுமில்ல. எதுக்கும் ஒரு முன்னெச்சரிக்கைக்கு எடுத்துடலாம்னு சொன்னாங்க. புதன்கிழமை.”

அம்மா பூனையின் வயிற்றைப் பார்த்தாள். அயோடின் போய் மங்கலாகக் கறை மட்டும் இருந்தது. பிறகு ஒரு கிண்ணத்தில் தேநீரை ஊற்றினாள், பாதிவரைக்கும், மரியாதைக்கு ஊற்றும் அளவு. மகளுக்கு நேரே நகர்த்தி வைத்தாள்.

“உக்காரு.”

“இருக்கட்டும்மா, நான்…”

“கோட்டைக் கழட்டிட்டு உக்காரு.”

சல்கினாய் அப்போதுதான் கவனித்தாள். கோட்டு, தொப்பி, சேறு ஒட்டிய பூட்ஸ் எதையும் கழற்றாமல் கதவுப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“போன வருஷமும் நீ அங்கேயேதான் நின்ன” என்றாள் அம்மா. “அதே கோட்டோட. ‘வெறும் கொழுப்புக் கட்டிதானாம்மா. பயப்பட ஒண்ணுமில்ல. எதுக்கும் ஒரு முன்னெச்சரிக்கைக்கு எடுத்துடலாம்னு சொன்னாங்க.’ ஒரு வார்த்தை மாறல. வரிசை மாறல. அடுத்தவன் நோட்டைப் பாத்து எழுதின பசங்க இப்படித்தான் மாட்டுவாங்க, தப்பையும் சேத்து அப்படியே எழுதியிருப்பாங்க.”

“அம்மா…”

“பூனைக்கு உண்மையில என்ன சொன்னாங்க?”

சல்கினாய் கோட்டைக் கழற்றினாள். மாட்டும் ஆணி கண்ணுக்குத் தெரியவில்லை, இரண்டு தடவை கீழே விழுந்தது. அதைக் கீழேயே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“கெட்டதாத்தான் இருக்கும்னு சொன்னாங்க. பத்துக்கு எட்டு ஒன்பது.”

“எவ்வளவு நாள்?”

“இப்பவே எடுத்துட்டா ரெண்டு மூணு வருஷம் இருக்கலாம். எடுக்கலேன்னா அடுத்த குளிர்காலம் பாக்காது.”

அம்மா தலையசைத்தாள். பூனையின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தாள். அது சுகத்தில் குர்குர்ரென்னத் தொடங்கியது, அந்த அறையில் அது ஒன்றுதான் சத்தம்.

“எனக்கு?”

சல்கினாய் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, ஒரு வருடத்து அழுகையையும் சேர்த்து அழுதாள். அம்மா அவளைத் தேற்றவில்லை. காத்திருந்தாள். வகுப்பில் விடை வரும்வரை காத்திருந்து பழகியவள்.

“சம்சா வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பினாரே அந்த ஆளு. அப்ப என்ன சொன்னாரு?”

“எலும்புக்குப் போயிடுச்சுன்னு.”

“எதுவரைக்கும்?”

“ஆப்பிள் பறிக்கிற வரைக்கும்னு.”

“பேரைச் சொல்லு.”

“என்ன பேரும்மா?”

“நோயோட பேரை. கெட்டது, கெட்டதுன்னு பூனைக்குச் சொல்ற மாதிரி சொல்லாம. எனக்கு வந்ததுக்கு ஒரு பேர் இருக்கும்ல?”

“புற்றுநோய்” என்றாள் சல்கினாய். அந்த வீட்டுக்குள் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, தேநீரில் ஆவி வந்துகொண்டிருந்தது.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. ஒரு போர்சோக்கை எடுத்தாள், ஜாமில் தொட்டாள், சாப்பிடாமல் திரும்ப வைத்தாள். விரலில் ஒட்டிய ஜாமைத் துணியில் துடைத்தாள்.

“எந்த வைட்டமினுக்கு ராத்திரியெல்லாம் உடம்பு நெருப்பா எரியும்?” என்றாள். “யோசிச்சேன். கேட்டா நீ இப்படி அழுவேன்னு கேக்கல. நம்பிக்கிட்டு இருக்கறதும் சுகமாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும்.” கொஞ்ச நேரம் கழித்துத்தான் குரலில் சூடு ஏறியது. “ஆனா போன ஒரு மாசம் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அடுத்த வருஷத்துக்குத் தக்காளி விதை பொறுக்கி, காகிதத்துல மடிச்சு, பேர் எழுதி வச்சேன். நாரின்ல இருக்கற என் தங்கச்சி ஜம்பீரா நூருஸ் பண்டிகைக்குப் போன் பண்ணா, பதினோரு வருஷத்துல முதல் தடவையா. நான் எடுக்கல. கொழுப்பு. கோடைக்குப் பாத்துக்கலாம், அவளே இன்னொரு தரம் கெஞ்சட்டும்னு விட்டேன். கோடைக்கு என்ன, அடுத்த கோடைக்குன்னுகூட நினைச்சேன். எத்தனை கோடை இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அப்படி விட்டிருப்பேனா? அந்த மாசத்த யாருடி எனக்குத் திருப்பிக் கொடுப்பீங்க?”

“அப்பாவுக்கு நடந்தது மாதிரி…”

“உங்கப்பா வேற, நான் வேற. அவரு வேலி ஒரு பக்கம் சாஞ்சாலே படுத்துக்குவாரு. ஒரு தடவையாவது என்னைக் கேட்டீங்களா நீங்க ரெண்டு பேரும், உங்களுக்குத் தெரியணுமா வேணாமான்னு?”

சல்கினாய் தலையைக் குனிந்துகொண்டாள். சொட்டு மருந்தைப் பற்றிச் சொன்னாள். ஆறு வருடம், சாசேஜில் நாலு சொட்டு. அதையாவது மறைக்காமல் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அம்மா கேட்டுக்கொண்டாள்.

“அப்ப இவ என்னுதை எடுத்துக்கல” என்றாள்.

“இல்லம்மா.”

“இவளுக்கு வந்தது இவளுது. எனக்கு வந்தது என்னுது.” அதைச் சொல்லும்போதுதான் அவள் முகம் முதல் முறையாக உடைந்தது. யாரோ தன் சுமையைத் தூக்கிக்கொண்டார்கள் என்று காலையிலிருந்து நிம்மதியாக இருந்தவள். அந்த நிம்மதி போய்விட்டது. பூனையின் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். கெலின் அசையாமல் இருந்தது.

தேநீர் ஆறியது. சல்கினாய் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாள்.

“என்னுதை எடுக்கறப்ப எவ்வளவு பெருசு?” என்றாள் அம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“அக்ரூட் அளவு.”

“நாலு மாசம் கட்டம் போட்டு வளத்தேன் அத.” பூனையின் வயிற்றில் விரலை வைத்துப் பார்த்தாள். “இது கடலைதான. சாயங்காலமே படம் எடுத்துடு. புதன்கிழமை அறுத்துடச் சொல்லு, முழுசா. ஒருத்தியாவது நேரத்துக்குப் போகட்டும்.”

“சரிம்மா.”

“இன்னொண்ணு. எனக்குத் தெரியும்னு மெலிஸுக்குத் தெரியக் கூடாது.”

சல்கினாய் நிமிர்ந்தாள். “இப்பத்தான என்னைத் திட்டினீங்க?”

“அவன் தினம் அந்த மலைப் பள்ளத்தாக்குல பதினெட்டு பேரை வச்சு ஓட்டறான். கண்ணுல தண்ணி நின்னா வளைவு தெரியுமா? அவனால தாங்க முடியாது. உனக்குத் தெரியாது, அவன் சின்னதுலேருந்தே அப்படித்தான்.”

“அவனைக் கேட்டீங்களா, தெரியணுமா வேணாமான்னு?”

அம்மா வாயைத் திறந்தாள். பதில் வருவதற்குள் மேசைமேல் இருந்த அம்மாவின் போன் அதிர்ந்தது. மெலிஸ். சல்கினாய் எடுக்கக் கை நீட்டினாள், அம்மா முந்திக்கொண்டாள்.

“அம்மா?” ஒலிபெருக்கியில், ஒன்றும் தெரியாதவன்போல அவன் குரல், பின்னால் வண்டி இரைச்சல். “சல்கினாய் வந்துட்டாளா? டாக்டர் என்ன சொன்னாங்களாம்? நான் புதன்கிழமை அங்கதான் இருப்பேன், ராத்திரி தங்கிட்டுப் போறேன்.”

ஷாயிர்குல் மடியிலிருந்த பூனையை மெதுவாகத் தூக்கி மகளிடம் கொடுத்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இடுப்பு வலித்திருக்க வேண்டும், ஒரு நொடி உதட்டைக் கடித்தாள். உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது என்று அவளுக்கும் தோன்றியதோ என்னவோ, கதவுப் பக்கம் போய், கீழே விழுந்து கிடந்த மகளின் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“வெறும் கொழுப்புக் கட்டிதானாம்டா” என்றாள். “பயப்பட ஒண்ணுமில்ல.”